கேப்டன் ஏறி வந்த மூன்று பெல்

"எங்க லைன் பன்னிக்கு ஷாஃப்ட் பெல் தெரியும்" என்றார் டக்ளஸ். "ஒண்ணு அடிச்சா நிக்கும். ரெண்டு அடிச்சா கீழ எறங்கும். மூணு அடிச்சா எங்க மேஞ்சிக்கினு இருந்தாலும் ஏறி வந்துடும். இன்னும் ஒரு மாசம் உட்டீங்கன்னா அதுவே என்ஜின் ஓட்டும்."

ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில் இருந்தவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர், பெரியவர் மனசு நோகக் கூடாதென்று அவரவர் டீயைக் குனிந்து பார்த்தார்கள். டக்ளஸ், ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழி வழியாக ஆட்களைத் தங்கச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டை, அதாவது கேஜை, மேலேயிருந்து இயக்கும் பெரிய என்ஜினை ஓட்டி ரிட்டையர் ஆனவர். தளும்பத் தளும்ப ஒரு கிளாஸ் டீயை அவர் கேஜில் வைத்தால், பூமிக்கடியில் போய்ச் சேரும் வரை மேலே படிந்த ஆடை கிழியாது என்பார். ஊர் நம்பியது. ஒருமுறை அந்த ஆடைமேல் ஒரு ஈ உட்கார்ந்து இறங்கி, ஷிஃப்ட் முடிந்து அதே ஆடைமேல் ஏறி வந்தது என்பார். அதையும் முக்கால்வாசி நம்பியது. பன்றிதான் ஊருக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

"அங்கிள், போன மாசம் உங்க கோழி ஜெபம் பண்ணுச்சுன்னீங்க" என்றாள் பியூலா. பார்சல் டீக்காக நின்றிருந்தவள்.

"கண்ண மூடிக்கினு தலைய ஆட்டிச்சு. அத்த வேற இன்னான்னு சொல்றது?"

"அதுக்கு சீக்கு. மறுநாள் செத்துப்போச்சு."

"பாத்தியா, கர்த்தர் கேட்டுட்டார்."

அவர்கள் குடியிருந்த ஊரிகத்தில் டக்ளஸ் பேச்சில் ஒரு சொல்லைக்கூட நம்பாத ஒரே ஆள் பியூலாதான். அவர் 'காலை வணக்கம்' என்றால் வெளியே எட்டிப் பார்த்து, விடிந்திருக்கிறதா என்று தெரிந்துகொண்டுதான் பதில் சொல்வாள். அன்று இன்னும் கொஞ்சம் வாதாடியிருப்பாள். ஆனால் ஏப்பம் வந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு கடையைவிட்டு நகர்ந்தாள்.

அந்த ஏப்பத்துக்குப் பெயர் ஸ்வர்ணமதி.

ஸ்வர்ணமதி, மூளையை வளர்க்கும் பானம். பெங்களூரில் விநாயக் என்பவர் நடத்தும் கம்பெனியில் உருவானது, உருவாக்கியவள் பியூலா. வல்லாரை, நீர்ப்பிரமி, அமுக்கராக் கிழங்கு, வால்நட், ஏதோ ஒரு மலைக்காளான், எல்லாவற்றுக்கும் மேலே மீன் எண்ணெய். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள். ஒரே பாட்டிலில் அடைத்ததும் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டன. நிறம், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டில் மழை வழிந்து தேங்கிப் பாசி பிடித்த நிறம். வாசனை, லீவுக்குப் போனவர்கள் கழுவாமல் மூடி வைத்துவிட்டுப் போன டிபன் கேரியரைத் திரும்பி வந்து திறந்த வாசனை. வாயில் விட்டால் நாக்கு சுவரோரம் ஒதுங்கி நிற்கும். விழுங்கினால் உள்ளேயிருந்து ஒரு கை வெளியே தள்ளும். அதையும் மீறி இறங்கிவிட்டால், தின்னாத மீன் ஒன்று சாயங்காலம் வரை தொண்டைக்கு வந்து வந்து ஆளை விசாரித்துவிட்டுப் போகும். ஒரு ஞாயிறு, வேதக் கோயிலில் பாட்டு நடுவே பியூலாவுக்கு ஏப்பம் வந்து, முன்பெஞ்சுக் குழந்தை திரும்பிப் பார்த்து வீறிட்டது. பாட்டு நின்றுபோனது. போதகர் ஐயர், பிரசங்கத்தைச் சுருக்கி ஆசீர்வாதம் சொல்லி அனுப்பிவிட்டார்.

அவளும் ஏலக்காய் போட்டுப் பார்த்தாள், சாக்லேட் போட்டுப் பார்த்தாள். மாம்பழம் சேர்த்தபோது, மாம்பழத்தைத் தின்றுவிட்டு மீன் வாந்தி எடுத்த மாதிரி ஆனது.

"ருசியை விடுங்க பியூலா" என்றார் விநாயக். "கசந்தா மருந்துன்னு நம்புவாங்க. நல்லா இருந்தா ஜூஸ்னு நெனைச்சு, இதுக்கா இவ்வளவு விலைன்னு கேப்பாங்க."

விநாயக்கின் பேச்சு பானத்தைவிடக் கொழகொழப்பானது. லேபிளை அவரே யோசித்தார். பியூலாவின் அப்பா ஆயுள் முழுக்க இறங்கி ஏறிய ஷாஃப்டின் இரும்புக் கோபுரத்தைப் படம் பிடித்து, அதன் உச்சியில் ஒரு மூளையை முட்டைக்கோஸ் மாதிரி உட்கார வைத்தார். கீழே, 'உன் தங்கம் உன் தலைக்குள்.' அப்பா அந்தத் தங்கத்தோடு சேர்த்து நுரையீரலில் எவ்வளவு கல்தூசியைக் கொண்டுவந்தார் என்று சொல்ல லேபிளில் இடம் இல்லை. பியூலாவுக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் பாட்டிலைத் திறக்காமலே குமட்டியது.

ஆனாலும் சரி என்றாள். காரணம் ரயில்.

ஊரிகம் ஸ்டேஷனில் இருட்டில் ஏறி, பெங்களூரில் வேலை பார்த்து, இருட்டில் இறங்குகிறவள் அவள். யாரோ ஒருவரின் சாப்பாட்டுப் பை தலைமேல் இடிக்க, யாரோ ஒருவரின் தூக்கம் தோள்மேல் சாய, நின்றபடியே போய் நின்றபடியே வருவாள். தன் வீட்டுச் சுவர் பகலில் என்ன நிறம் என்பதே அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். விநாயக் சொல்லியிருந்தார்: "உங்க ஊர்ப் பெரியவங்களை வெச்சு ஒரு டெஸ்ட் பண்ணுவோம். ரிசல்ட் நல்லா வந்தா ராபர்ட்சன்பேட்டையில நம்ம பாட்டிலிங் யூனிட். நீங்கதான் இன்சார்ஜ்." ராபர்ட்சன்பேட்டை என்றால் ஷேர் ஆட்டோ. வெளிச்சத்தில் போய் வெளிச்சத்தில் வரலாம். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எவ்வளவு ஏப்பத்தையும் விழுங்கத் தயாராக இருந்தாள்.

சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய ஊரிகம் லைன் வீடுகளில் இருந்த பென்ஷன்காரர்களைக் கூட்டினாள். ஆளுக்குத் தினம் ஒரு பாட்டில். ஆரம்பிக்கும் முன் ஞாபகசக்தியை அளக்கும் டெஸ்ட்: டேப்லெட்டில் எண்கள் மின்னி மறையும், திருப்பிச் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவரான ராஜப்பா அந்தக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டார். டக்ளஸ், மின்னாத எண்களையும் சேர்த்துச் சொன்னார். எல்லோருக்கும் படுமோசமான மார்க்.

"ஒள்ளேது, நல்லதுதான்" என்றார் விநாயக். "முதல்ல கம்மியா இருந்தாதான் அப்பறம் ஏறினது தெரியும். அடுத்த டெஸ்ட்ல ஸ்கிரீன் வேண்டாம். பாவம், கண்ணு தெரியல. நீங்க டம்ளர்ல ஒரு வரிசையாத் தட்டுங்க. அவங்க அதையே திருப்பித் தட்டட்டும்."

"முன்னாடி ஒரு டெஸ்ட், பின்னாடி வேற டெஸ்ட்டுன்னா எப்படி சார் ஒப்பிடறது?"

"கிராஃப் போட்டா எல்லாம் ஒரே கோடுதான், பியூலா."

அப்படியே செய்தாள். ஸ்டீல் டம்ளரில் ஸ்பூனால் அவள் தட்டத் தொடங்கியதுமே கிழவர்களின் முதுகு நிமிர்ந்தது. ராஜப்பா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவள் எப்படித் தட்டினாலும், எவ்வளவு நீளமாகத் தட்டினாலும், இடைவெளிகூடப் பிசகாமல் திரும்பி வந்தது. ஒருவர் விடாமல்.

பியூலாவுக்குக் காரணம் தெரியும்; அந்த ஊர்ப் பிள்ளை எதற்கும் தெரியும். கீழேயிருந்து பெல் அடித்தால், ஷாஃப்ட் வாயில் நிற்கிறவன் அதையே திருப்பி அடிக்க வேண்டும். அடித்தால்தான் என்ஜின் டிரைவர் கேஜை நகர்த்துவான். ஒரு அடி தப்பினால் கூண்டோடு ஆட்கள் போவார்கள். ராஜப்பா அந்த வாயில் நின்றே நரைத்தவர். இப்போதும் வாசலில் பால்காரன் மணியடித்தால், உள்ளே படுத்தபடி கட்டிலைத் தட்டி அதே மணியைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் பாத்திரம் எடுப்பார்.

இதில் ஸ்வர்ணமதிக்கு ஒரு சொட்டுப் பங்கும் இல்லை. ஆனால் விநாயக்கின் கிராஃப் ஷாஃப்ட் கோபுரம் மாதிரி நிமிர்ந்து நின்றது. "ஆய்த்து, முடிஞ்சது" என்றார் போனில். "யூனிட்டுக்கு இடம் பார்த்துட்டேன்." பியூலா பெல் விஷயத்தைச் சொல்லாமல், "சரி சார்" என்று போனை வைத்தாள். அதற்கடுத்த ஞாயிறு இன்னொன்றையும் கண்டாள்.

அன்று மத்தியானம், லைனில் குடியிருந்த மரியகுழந்தை ஆன்ட்டி வீட்டுக்குப் போனவள், லைனுக்குப் பின்னால் டங் டங் டங் என்று சத்தம் கேட்டுச் சுற்றிக்கொண்டு போனாள். சாக்கடை ஓரமாக பென்ஷன்காரர்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஸ்வர்ணமதி, தலைகீழாக. ராஜப்பா பாட்டிலை இரும்புக் குழாயில் மூன்று முறை தட்ட, பச்சைக் கூழ் ஒன்று 'ப்ளக்' என்று சாக்கடையில் விழுந்தது. கீழே ஒரு பன்றி வாயைத் திறந்தபடி நின்றது.

அது மரியகுழந்தை கிறிஸ்துமஸுக்கு வளர்க்கும் பன்றி. பெயர் கேப்டன். சுரங்கத்தில் வெள்ளைக்கார மேஸ்திரிகளைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் மாதிரியே வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நடக்கிறது என்று டக்ளஸ் வைத்த பெயர்.

"இன்னா மாமா இது?"

ராஜப்பா கொஞ்சமும் பதறவில்லை. "மூளைக்கு ஊத்தறேம்மா."

"யார் மூளைக்கு?"

"மொத நாள் நான்தாம்மா குடிச்சேன். வாய்ல ஊத்தினதும் பல்லு செட்டு தானா எழுந்து வெளிய வந்துடுச்சு. நான் தேவலாம். சுந்தரராஜு குடிச்சிட்டு ரெண்டு நாள் பொண்டாட்டி கூட பேசல. வாயத் தொறந்தா அவ மயங்கிடுவாளாம்."

"பேசாதது நல்லாத்தான் இருந்துதாம், அவ சொன்னா" என்றாள் மரியகுழந்தை, கூடையோடு வெளியே வந்து. "பியூலா, இதக் குடிச்சா என் பன்னிக்கு ஒண்ணும் ஆவாதே? கறி மீன் நாத்தம் அடிச்சுதுன்னா கிறிஸ்துமஸ் அன்னிக்கு யாரு தின்றது?"

"ஒண்ணும் ஆகாது ஆன்ட்டி" என்றாள் பியூலா. அதுவாவது உண்மையாக இருந்தது. கேப்டன் தலையை நிமிர்த்தி, மூக்கின் மேலிருந்த பச்சையை நக்கிவிட்டு, ஒரு ஏப்பம் விட்டது. அதே ஏப்பம். பியூலாவுக்குத் தன் ஏப்பத்தை வெளியே நின்று கேட்ட மாதிரி இருந்தது.

"டீக்கடைல சொன்னேனே, நம்பினியா?" டக்ளஸ் எழுந்து வந்தார். "கூழு கெட்டி, தட்டாம வராது. நம்ம கைக்கு மூணு தவிர தட்டத் தெரியாது. மூணுன்னா ஆள் ஏறுதுன்னு அர்த்தம். இது அதக் கத்துக்கிச்சு. ஒண்ணையும் ரெண்டையும் நான் சொல்லிக் குடுத்தேன். நில்லு, காட்டறேன்."

"தட்டினா தீனி வருதுன்னா எந்தப் பன்னியும்தான் வரும் அங்கிள். அதுக்குப் பேரு பெல் இல்ல."

"ஒண்ணு அடிச்சா நிக்குதும்மா. தீனி முன்னாடி இருக்கும்போது நிக்குது. பாரேன் ஒரு வாட்டி."

பியூலா பார்க்க மறுத்துத் திரும்பி நடந்தாள். பார்த்தது ஏற்கெனவே அதிகம். யாரும் குடிக்கவில்லை என்று விநாயக்கிடம் சொன்னால் கிராஃப் விழும். கிராஃப் விழுந்தால் ராபர்ட்சன்பேட்டை விழும். சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க, பானத்தைத் தொடாத நாட்களிலும் அவளுக்கு ஏப்பம் வந்தது.

அறிமுக விழா ஊரிகம் சமுதாயக் கூடத்தில். விநாயக், இன்டர்நெட்டில் வாங்கிய சுரங்கத் தொப்பியில் விளக்கை எரியவிட்டபடி காலை பத்து மணி வெயிலில் வந்து இறங்கினார். மேடையில் பாட்டில் பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். கிழவர்களுக்குச் சந்தன மாலை. ஒரு உள்ளூர் சேனல் கேமராவும் வந்திருந்தது. விநாயக், 'நம் மூத்தோர், நம் தங்கம்' என்று ஆரம்பித்து, வழவழவென்று போய்க்கொண்டே இருந்தார். சுரங்கம் மூடியது நல்லதற்குத்தான், இனி மனிதர்களைத் தோண்டுவோம் என்றார். கைதட்ட வேண்டிய இடம் போலிருக்கிறது என்று கூட்டம் தட்டியது.

அப்புறம் டெஸ்ட். பியூலா டம்ளரும் ஸ்பூனுமாக நின்று தட்டினாள். கிழவர்கள் நாற்காலிக் கால்களில் தட்டித் திருப்பினார்கள். கூட்டம் வாயைப் பிளந்தது. கேமராக்காரர் ராஜப்பாவின் தலையை, மூளை எங்கே தெரிகிறது என்று தேடுகிற மாதிரி நெருங்கிப் படம் பிடித்தார்.

விநாயக்குக்குத் தாளவில்லை. "நானே தட்டறேன்" என்று ஒரு பாட்டிலைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு, கூடத்து இரும்புத் தூணில் ஓங்கித் தட்டினார்.

மூன்று தட்டு.

மூன்று என்றால் ஆள் ஏறுகிறது. அந்த பெல்லைத் திருப்பி அனுப்பாமல் விட்டவன் அந்தக் கூடத்தில் எவனும் இல்லை. அத்தனை கிழவர்களும் ஒரே நேரத்தில் இரும்பு நாற்காலியில் மூன்று தட்டினார்கள். ஓடு அதிர்ந்தது. பல்லிகள் உதிர்ந்தன. சுடுகாட்டில் கிடந்த பழைய ஷிஃப்ட் ஆட்கள்கூட எழுந்து, தலைவிளக்கு வாங்க லேம்ப் ரூமுக்கு நடந்திருப்பார்கள் என்று டக்ளஸ் பிற்பாடு சொன்னார்.

கேப்டன் வந்தது.

வாசலில் வைத்திருந்த பூந்தொட்டி வழியாகவே வந்தது. பேனரைக் கிழித்து, முட்டைக்கோஸ் மூளையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தது. சாக்கடையிலிருந்து நேராக வந்ததால் சாக்கடையில் பாதியும் கூடவே வந்தது. மேடை ஏறியதும் பெட்டிக் கோபுரம் சரிந்து, பாட்டில்கள் உடைந்து, பச்சைக் கூழ் படிப்படியாக இறங்கியது. அந்த நாற்றத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ராபர்ட்சன்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள் என்றால் போதும். கீழே அவ்வளவு கொட்டிக் கிடக்க, கேப்டன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. தூணில் தட்டிய கை எதுவோ அந்தக் கைக்குத்தான் போனது. விநாயக் மேஜைமேல் ஏறினார். தொப்பி கண்ணை மறைத்தது. "ஹிடீரி, பிடிங்க, யாராவது பிடிங்க" என்றார். கேப்டன் முன்னங்காலை மேஜைமேல் வைத்து, அவர் முழங்கால் உயரத்துக்கு வாயைத் திறந்தது.

முன்வரிசையில் டக்ளஸ் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "பியூலா" என்றார், டீ கேட்கிற குரலில். "ஒண்ணு அடி."

அவள் யோசிக்கவில்லை. ஸ்பூன் கையில் இருந்தது. அடித்தாள்.

ஒரு தட்டு.

கேப்டன் நின்றது. பூமிக்கடியில் தன் லெவலில் வந்து நின்ற கேஜ் மாதிரி நின்றது. தூக்கிய கால் தூக்கியபடி, திறந்த வாய் திறந்தபடி. வாயிலிருந்து தொங்கிய எச்சில்கூடப் பாதியில் நின்றது. அப்புறம் ராஜப்பா நாற்காலியில் இரண்டு தட்டினார். கேப்டன் காலை எடுத்து, மேடையிலிருந்து இறங்கி, பேனரை இழுத்துக்கொண்டு சாக்கடைக்குப் போனது.

"இன்னா சார் பயந்துட்டீங்க" என்றாள் மரியகுழந்தை எழுந்து. "அது ஒண்ணும் பண்ணாது. தினம் உங்க பாட்டில் பூராத்தையும் அதுதான குடிக்குது. நல்லா தெம்பாத்தான் இருக்குது."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

விநாயக் மேஜையிலிருந்து இறங்கி, சட்டையில் வழிந்த பச்சையைக் கர்ச்சீப்பால் இன்னும் பரப்பிவிட்டு, பியூலாவை ஓரமாக இழுத்தார். குரல் மறுபடி கொழகொழத்தது. "அந்தம்மாவுக்கு வயசாச்சு, உளர்றாங்க. பன்னி தற்செயலா வந்தது, தானா போச்சு. பெரியவங்க எல்லாரும் தினம் குடிச்சாங்க. இதை நீங்க கேமராவுக்குச் சொல்லுங்க. நீங்கதான் டெஸ்ட் பண்ணவங்க, ஊர் நம்பும். நாளைக்கே யூனிட் ஷட்டரைத் தூக்கிடலாம். சொல்லலேன்னா, யூனிட்டை மறந்துடுங்க."

மைக் அவள் முகத்துக்கு நேரே வந்தது. அவளுக்கு ஷேர் ஆட்டோ தெரிந்தது. வெயிலில் தன் வீட்டுச் சுவர் தெரிந்தது.

டக்ளஸ் எழுந்து பக்கத்தில் வந்தார். யாருக்கும் கேட்காமல், "நான் அளந்துட்டேன்னு சொல்லிடும்மா" என்றார். "பெல்லு, பன்னி, எல்லாம் டக்ளஸ் புளுகுன்னு சொல்லிடு. எனக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது. உனக்கு ரயிலு மிச்சம்."

அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு விவரம் தெரிந்து முதல்முறையாக அந்த ஆள் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பேச வாய் திறந்ததும் முதலில் ஏப்பம் வந்தது. மைக்கில் கூடம் முழுக்கக் கேட்டது. மைக் பிடித்தவர் ஒரு அடி தள்ளி நின்றார். அவள் வாயைப் பொத்தவில்லை.

"யாரும் குடிக்கல" என்றாள். "குடிக்க முடியாது, நான் செஞ்சதுதானே, எனக்குத் தெரியும். பன்னிதான் குடிச்சுது. நாளைக்கு நான் ரயிலுக்குப் போகணும், அதனால சுருக்கமா சொல்லிடறேன். டக்ளஸ் அங்கிள் சொன்னது நடந்துது. மூணு அடிச்சதும் வந்துது. ஒண்ணு அடிச்சதும் நின்னுது. அந்த ஒண்ணை அடிச்சது நான்தான்."